அனுப்பியிருப்போம்

எங்கள் ஷூ தொழிற்சாலையில் ஒரு காலத்தில் பதினான்கு பேர் இத்தாலிய மொழி படித்தோம். படித்தோம் என்றால், டீயும் கிரீம் பிஸ்கட்டும் வருகிறவரை உட்கார்ந்திருந்தோம் என்று பொருள். பிஸ்கட் நின்ற வாரத்தில் பன்னிரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் வீட்டில் அவசர வேலை வந்துவிட்டது. அந்தப் பன்னிரண்டில் நானும் ஒருத்தி.

எல்லாவற்றுக்கும் காரணம் ஓர் இயந்திரம். ஷூவின் முனைத் தோலை அச்சின் மேல் இழுத்துப் பிடித்து ஒட்டுகிற இயந்திரம். அதற்கு ஒன்பது குறடுகள். ஒன்பதும் ஒரே நொடியில் தோலைக் கவ்வி இழுக்கும், சுருக்கமே விழாது. அது வருவதற்கு முன்னால் ஆறு பேர் அதே வேலையைக் கையால் செய்துகொண்டிருந்தார்கள். சுருக்கம் விழும், ஆனால் திட்டுவதற்கு ஆள் இருந்தது. இத்தாலிக்காரர்கள் இயந்திரத்தை விற்றார்கள். அதைத் திட்டுவதற்கு வேண்டிய மொழியைக் கூடவே அனுப்பவில்லை.

அந்தக் கம்பெனியில் ஆங்கிலம் தெரிந்த ஒரே எழுத்தருக்கு இரட்டைக் குழந்தை பிறந்து அவர் நீண்ட விடுப்பில் போய்விட்டார். அன்றிலிருந்து கம்பெனியின் பெரியவரே தன் மொழியில் கடிதம் அடித்து அனுப்பத் தொடங்கினார். கையில் இருக்கும் போனே மொழிபெயர்த்துத் தரும் காலம் அல்ல அது. ஃபேக்ஸ் காலம். நான் அங்கே டெலிபோன் ஆபரேட்டர். ஃபேக்ஸ் இயந்திரமும் என் மேஜையில்தான் இருந்தது.

முதலாளி யோசித்தார். "அவனுக்கு நம்ம பாஷை வராதுன்னா, நாம அவன் பாஷையைக் கத்துக்கிட்டா போச்சு" என்றார். கற்கப்போவது தான் இல்லை என்பதால் அந்த முடிவு அவருக்கு மிகச் சுலபமாகத் தோன்றியது.

திங்கள், புதன், வெள்ளி, மாலை ஐந்தரைக்கு, கேன்டீனில் வகுப்பு. மொத்தம் பன்னிரண்டு வாரம். டீச்சருக்கு இருபத்தாறு வயது. இத்தாலியில் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்தவர். ஒல்லியான உடம்பு, குரல் மட்டும் தெருவின் அந்தப் பக்கம் போகிற ஆட்டோவை நிறுத்துகிற குரல். கேன்டீன் கரும்பலகையில் அன்றைய சாப்பாட்டுப் பட்டியலை அழித்துவிட்டு, பேசுதல் என்ற வினையை எழுதினார். பார்லோ, பார்லி, பார்லா, பார்லியாமோ, பார்லாத்தே, பார்லனோ. நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள்.

"ஒவ்வொரு வினைக்கும் ஆறு ஆள். ஒவ்வொரு காலத்துக்கும் ஆறு. ஞாபகம் வெச்சுக்கங்க" என்றார்.

"எத்தனை காலம் டீச்சர்? மூணுதானே?" என்று யாரோ கேட்டார்கள்.

"நடக்கிறதைச் சொல்ல எட்டு. நடக்குமான்னு சந்தேகப்பட நாலு. நடந்திருக்கும்னு சொல்ல ரெண்டு. அப்புறம் கட்டளை தனி."

பிஸ்கட் மட்டும் இல்லையென்றால் அந்த நிமிடமே கேன்டீன் காலியாகியிருக்கும்.

கடைசியில் மிஞ்சியவர்கள் இருவர். ஒருவர் மேனேஜருடைய மச்சினர். ஆள்பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே சூப்பர்வைசர் என்று போட்டிருக்கும். ஆனால் அவருடைய உண்மையான பதவி மச்சினர்தான். நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இத்தாலிக்குப் பயிற்சிக்கு ஒருவரை அனுப்பும் பேச்சு இருந்ததால் அவருக்கு மொழிப் பற்று பொங்கியது. இன்னொருத்தி லேபிள் அக்கா.

லேபிள் அக்காவின் வேலை, அனுப்பும் பிரிவில் ஷூ பெட்டிகளின் மேல் அளவு லேபிள் ஒட்டுவது. பெண்கள் ஷூவில் ஒரு மாடலுக்கு ஆறு அளவு, முப்பத்தாறிலிருந்து நாற்பத்தொன்று வரை. பதினெட்டு வருடமாக ஒரே மாடலை ஆறு அளவாகப் பார்த்துப் பழகிய கண் அது. முதல் நாள் கரும்பலகையைப் பார்த்தவுடன் என் காதில், "இது ஒண்ணுமில்ல, ஒரே மாடல், ஆறு சைஸ்" என்றாள். நான் என்னுடைய பிஸ்கட்டில் கவனமாக இருந்தேன்.

மச்சினருக்கு ஒரு கொள்கை இருந்தது. நிகழ்காலம் ஒன்று தெரிந்தால் உலகத்தைச் சுற்றி வந்துவிடலாம் என்பது அது. "நேத்து நான் வர்றேன், நாளைக்கு நான் வர்றேன்னு சொன்னா அவனுக்குப் புரியாதா? நேத்துன்னு சொல்லிட்டேன்ல?" என்பார். டீச்சர் விடாமல் முடிந்த காலம் ஒன்றையும் அவர் தலையில் ஏற்றினார். அதோடு அந்தத் தலையில் இடம் தீர்ந்துவிட்டது. மரியாதையாகப் பேச இத்தாலியர்கள் எதிரில் இருப்பவரை 'அவள்' என்று சொல்வார்கள் என்று தெரிந்த அன்று, அவர் வகுப்பை விட்டே எழுந்து போனார். மறுநாள் மேனேஜர் சமாதானம் செய்து அனுப்பிவைத்தார்.

அக்கா நிற்கவில்லை. அட்டைகளில் கட்டம் போட்டு வினைகளை எழுதினாள். வீட்டுச் சமையலறை அலமாரிக் கதவுகளின் உட்பக்கம் முழுக்க ஒட்டினாள். உப்பு டப்பா எடுக்கக் கதவைத் திறந்தால் 'இருத்தல்', பருப்பு எடுக்கத் திறந்தால் 'போதல்'. வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஆறு ஆளையும் ஒப்பிப்பாள்.

அவளுடைய கணவர் குடிநீர் வாரியத்தில் பம்ப் ஆபரேட்டர். பகல் முழுக்க வால்வைத் திற, மூடு என்று இருந்தவருக்கு வீட்டிலும் ஏவல் வினை ஒன்றே தாராளமாகப் போதுமாயிருந்தது. கொண்டா, வை, எடு, நிறுத்து. இதற்கு மேல் ஒரு வினைவடிவம் மனிதனுக்குத் தேவைப்படும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"என்னடி அது, விடாம முணுமுணுப்பு?"

"போறதுங்க."

"எங்க போறது?"

"போறதுங்கிற வினைச்சொல். யாரு போறாங்க, எப்ப போனாங்க, போவாங்களா மாட்டாங்களா, எல்லாத்துக்கும் தனித்தனியா இருக்கு."

"போனா தெரிஞ்சுட்டுப் போவுது. சோறு போடு."

ஆனால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தினமும் கேட்கிற காதை என்ன செய்ய முடியும்? ஒரு மாதம் கழித்து, பேப்பர் படித்துக்கொண்டே ஒரு நாள் குரல் கொடுத்தார்: "அவங்க போறாங்கன்னா 'வான்னோ'. நேத்து சரியாத்தானே சொன்னே, இன்னைக்கு என்ன 'வாத்னோ'?" கல்லூரியில் படிக்கிற மகள் சிரிப்பை அடக்க முடியாமல் பாத்ரூமுக்குள் ஓடிவிட்டாள். அவர் பேப்பரை முகத்துக்கு இன்னும் நெருக்கமாகப் பிடித்துக்கொண்டார். இதையெல்லாம் அக்காதான் மறுநாள் எனக்கு நடித்துக் காட்டினாள்.

எட்டாவது வாரம் டீச்சர் சந்தேக வினைக்கு வந்தார். நடக்காதது, நடக்க வேண்டுமென்று ஆசைப்படுவது, நடந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைப்பது, இதற்கெல்லாம் தனி வடிவங்கள்.

"நடக்காத விஷயத்துக்கு மட்டும் எவ்வளவு கட்டம் டீச்சர்?" என்று அக்கா கேட்டாளாம்.

"நாலு காலம், ஆறு ஆள். இருபத்தி நாலு."

"நல்ல ஊருதான். இங்க நடந்ததைச் சொல்லவே யாரும் விட மாட்டேங்கிறாங்க."

அந்த வாரம் ஒரு பெட்டி மூடியின் உட்புறம் அவள் பென்சிலால் இத்தாலியத்தில் ஒரு வரி எழுதியிருந்ததைப் பார்த்தேன். என்ன அது என்று கேட்டேன். "படிச்சிருந்தா டீச்சர் ஆயிருப்பேன்" என்றாள், லேபிளிலிருந்து கண்ணை எடுக்காமல். பத்தாவதில் இலக்கணத்தில் பள்ளியிலேயே முதல் மார்க் வாங்கியவள் அவள். அடுத்த மாதம் கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். "பயிற்சிக்கு ஒரு உதாரணம், அவ்வளவுதான்" என்று சொல்லி, மூடியைப் பெட்டியில் போட்டு அழுத்தினாள். அந்த ஷூவை எந்த நாட்டில் யார் வாங்கினார்களோ தெரியாது.

பன்னிரண்டு வாரம் முடிந்தது. டீச்சர் போய்விட்டார். சரியாக அதற்கு அடுத்த மாதம் குறடுகள் உடைந்தன. ஒன்பதில் மூன்று.

மேனேஜர் இத்தாலிக்குப் போன் போட்டார். மச்சினர் போனை வாங்கி, "குறடு! குறடு! மூணு! உடையுது!" என்று நிகழ்காலத்தில் கத்தினார். அந்தப் பக்கம் ஏதோ நீளமாகச் சொன்னார்கள். மச்சினர், "சி, சி" என்றார். வைத்துவிட்டு, "ஆர்டர் எடுத்துக்கிட்டான்" என்று அறிவித்தார். சி என்றால் இத்தாலியத்தில் ஆமாம். எதற்கு ஆமாம் சொன்னோம் என்பது அவருக்கே தெரியாது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஒரு வாரம் கழித்து ஃபேக்ஸ் வந்தது. இரண்டே வரி. நான் கிழித்து மேனேஜர் அறைக்குக் கொண்டுபோனேன். மச்சினர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"பின்ட்ஸே, குறடு. ஸ்பெதீத்தோ, அனுப்பினது. மூணாம் தேதி. கோன்ஃபெர்மாத்தோ, கன்ஃபர்ம் ஆயிருக்கு. ஓர்தினே, ஆர்டர். அவ்வளவுதான் அத்தான். ஆர்டர் கன்ஃபர்ம், மூணாம் தேதியே குறடு அனுப்பியாச்சு."

"நடுவுல 'செ'ன்னு ஒண்ணு இருக்கே?" என்றார் மேனேஜர்.

"அது மரியாதைக்குப் போடுறது."

மேனேஜர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். எனக்கு விமான நிலையச் சரக்குப் பிரிவுக்குப் போன் போட்டு விசாரிக்கச் சொல்லி உத்தரவு. நான் ஃபேக்ஸைக் கோப்பில் போட மேஜைக்குத் திரும்பியபோது, லேபிள் அக்கா அன்றைய ஏற்றுமதிப் பட்டியல் வாங்க வந்து நின்றாள். தாளை எட்டிப் பார்த்தாள். உதடு அசைந்தது. முகம் மாறியது.

"ஐயையோ. இவங்க அனுப்பலையே."

"மூணாம் தேதி அனுப்பியாச்சுன்னு மச்சினர் சொன்னாரே அக்கா?"

"'செ'ன்னா 'ஆல்'. வந்தால், போனால்ங்கிற ஆல். நீங்க எழுத்து மூலமா உறுதி பண்ணியிருந்தா, மூணாம் தேதி அனுப்பியிருப்போம்ங்கிறாங்க. பண்ணல, அதனால அனுப்பல."

பட்டியலைக்கூட வாங்காமல் மேனேஜர் அறைக்குள் போனாள். நானும் கூடவே போனேன், வேடிக்கை பார்க்க.

மேனேஜர் கேட்டுக்கொண்டார். மச்சினர் சிரித்தார். பிறகு, வகுப்பில் கொடுத்த அட்டவணைப் புத்தகத்தை மேஜை டிராயரிலிருந்து எடுத்தார். அதன் முதுகு இன்னும் மடங்கவே இல்லை. புத்தம் புதிதாக இருந்தது. தேடித் தேடி ஒரு கட்டத்தில் விரலை வைத்தார்.

"இதோ பாரும்மா. அவ்ரேமோ. எதிர்காலம். அவ்ரேமோ ஸ்பெதீத்தோ, 'அனுப்பியிருப்போம்'. நீ சொன்னதும் அதே வார்த்தைதான். அனுப்பியிருப்போம்னா என்ன அர்த்தம்? இந்நேரம் போயிருக்கும்னு அர்த்தம்."

தமிழும் அன்று பார்த்து அவருக்குச் சாதகமாக நின்றது. அனுப்பியிருப்போம் என்றால் இந்நேரம் போயிருக்கும் என்பதும், போகவே இல்லை என்பதும், இரண்டும்தானே.

அக்கா விடவில்லை. "அது ஒரு எம் சார். இதுல ரெண்டு எம் இருக்கு. அவ்ரெம்மோ. ரெண்டு எம் வந்தா நடக்காத விஷயம்."

"ஒரு எழுத்து கூட விழுந்ததுக்காக ஃபேக்டரியை நிறுத்தச் சொல்றியா?"

"அந்த ஒரு எழுத்துலதான் சார் எல்லாம் இருக்கு."

மேனேஜர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "என்னம்மா, உன் மெஷின் எழுத்தை ரெண்டு ரெண்டா அடிக்குமா?"

என் மெஷின் ஒரு நாளும் எழுத்தை இரண்டாக அடித்ததில்லை. மை மங்கும், தாள் சிக்கும், கோடு விழும். எழுத்து இரட்டிக்காது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சினரும் பார்த்துக்கொண்டிருந்தார். என் வேலை நிரந்தரமாகும் காகிதம் அந்த மாதம் மேனேஜர் மேஜையில் இருந்தது.

"சில நேரம் அடிக்கும் சார்" என்றேன்.

"பாத்தியா?" என்றார் மச்சினர்.

அக்கா வெளியே வந்து, பட்டியலை வாங்கிக்கொண்டு போனாள்.

அதன் பிறகு பதினோரு நாள் நாங்கள் வராத குறடுகளுக்காகக் காத்திருந்தோம். தினமும் காலை ஒன்பது மணிக்குச் சரக்குப் பிரிவுக்குப் போன் போடுவேன். நான்காம் நாளிலிருந்து அந்தப் பக்கத்து எழுத்தர் என் குரலைக் கேட்டதுமே "இல்லைம்மா" என்று சொல்லி வைத்துவிடுவார். வேன் டிரைவர் இரண்டு முறை நேரிலேயே போய், வேறு யாருடையதோ ஒரு பெட்டியைக் கையெழுத்துப் போட்டு எடுத்துவந்தார். திறந்தால் பல் டாக்டரின் கருவிகள். "குறடுதானே கேட்டீங்க?" என்றார்.

இயந்திரம் ஆறு குறடுகளோடு ஓடியது. இடது பக்கம் மட்டும் சுருக்கம் விழுந்த ஷூக்கள் வந்து குவிந்தன. முன்பு கையால் இழுத்த ஆறு பேரையும் வேறு பிரிவுகளிலிருந்து தேடிப் பிடித்து மறுபடி உட்கார வைத்தார்கள். அவர்கள் இழுத்த ஷூ இயந்திரம் இழுத்ததைவிட நன்றாக இருந்தது. அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாலாயிரம் ஜோடி இருபதாம் தேதி கப்பலேற வேண்டும். கையால் இழுத்தால் பாதிகூடத் தேறாது.

பன்னிரண்டாம் நாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரம், அக்கா என் மேஜைக்கு வந்தாள். கையில் ஒரு தாள். கோடு போட்டு, குண்டு குண்டு எழுத்தில் இத்தாலிய மொழியில் நாலு வரி.

"இதை அனுப்பு."

"மேனேஜர் கையெழுத்து இல்லாம நான் எப்படிக்கா..."

"மெஷின் ரெண்டா அடிக்காதுன்னு உனக்குத் தெரியும்ல?"

என் முகத்தில் சூடு ஏறியது. "தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சா சரி. அனுப்பு."

தாளை வாங்கினேன். என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டேன். ஆர்டரை எழுத்து மூலம் உறுதி செய்கிறோம், ஆர்டர் எண் இன்னது, குறடு மூன்று. கடைசி வரியில்தான் அவளுக்குச் சந்தேகமாம். முதலில் 'அனுப்புங்கள்' என்று கட்டளையாக எழுதினாளாம். எழுதிப் பார்த்ததும், "எங்க வீட்டுக்காரர் குரல் கேட்டுச்சு. அடிச்சிட்டேன்." பிறகு, 'நீங்கள் அனுப்ப வேண்டுமென்று விரும்புவோம்' என்கிற பணிவான வழி. வொர்ரெம்மோ கே ஸ்பெதீஸ்தே. சந்தேக வினையில் நாலாவது காலமா, இரண்டாவதா? சரி பார்க்க டீச்சரும் இல்லை. முந்தின நாள் சாயந்திரம் பருப்பு அலமாரிக்கும் உப்பு அலமாரிக்கும் நடந்து நடந்து இரண்டாவதுதான் என்று முடிவு செய்தாளாம்.

"தப்பா இருந்தா என்ன ஆகும்?" என்றேன்.

"சிரிப்பாங்க. இங்க சிரிக்கிறதைவிடவா?"

கீழே 'அனுப்பும் பிரிவு' என்று எழுதி, தன் பெயரைப் போட்டிருந்தாள். நான் எண்ணை அழுத்தினேன். தாள் மெதுவாக உள்ளே போனது. அது அந்தப் பக்கம் வந்து விழும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் தன் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பதில் இரண்டு மணி நேரத்தில் வந்தது. நான் தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள், அந்தப் பக்கமாகப் போன மச்சினர் தாளைக் கிழித்து எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார். அவர் முகம் வெளிறியிருந்தது.

"ஸ்பெதீத்தே ஓஜ்ஜி! அத்தான்! 'இன்னைக்கே அனுப்புங்க'ன்னு உத்தரவு போடுறான்! நம்மகிட்ட எதையோ கேக்கிறான்!"

எதைக் கேட்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அவன் யாருக்கோ பதில் எழுதுகிறான் என்பது தெரிந்தது. மேலே அக்காவின் பெயர் இருந்தது. பத்து நிமிடத்தில் அக்காவும் நானும் மேனேஜர் மேஜைக்கு முன்னால் நின்றோம்.

"யாரைக் கேட்டு எழுதின? கம்பெனி பேரைச் சொல்லி அவனுக்கு என்ன குடுக்கிறதா ஒத்துக்கிட்ட?" என்று மேனேஜர் கத்தினார்.

"ஒண்ணும் குடுக்கல சார். குறடு இன்னைக்கு அனுப்பியாச்சுன்னு எழுதியிருக்காங்க."

"அனுப்பியாச்சுன்னா ஸ்பெதீத்தோ. நான் பாஸ் பண்ணினது அது. இது ஸ்பெதீத்தே. கட்டளை!" மச்சினர் மேஜையைத் தட்டினார்.

"குறடு அங்க பெண்பால் சார். மூணு குறடு, பன்மை. அதனால கடைசி எழுத்து மாறுது. பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்."

"குறடுல ஏதும்மா ஆம்பளை பொம்பளை?" என்றார் மேனேஜர். அவருக்கு உண்மையிலேயே மனம் நொந்துவிட்டது.

"இதுல இன்னொரு வரி இருக்கே, அது என்ன?" என்று நான் கேட்டேன். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ.

அக்கா தாளைப் பார்த்தாள். அவள் காது மடல் சிவந்தது. "ஒண்ணுமில்ல. சந்தேக வினையைச் சரியா எழுதினதுக்குப் பாராட்டு சொல்லியிருக்கார் பெரியவர்."

அந்தப் பாராட்டுக்கு மறுநாளே பலன் கிடைத்தது. அனுமதியின்றி வெளிநாட்டுக்குக் கடிதம் அனுப்பியதற்கு விளக்கம் கேட்டு அவளுக்கு ஒரு மெமோ. எனக்கும் ஒன்று, என் நிரந்தரக் காகிதம் ஆறு மாதம் தள்ளிப்போனது. அக்கா விளக்கம் எழுதிக் கொடுத்தாள். நல்ல தமிழில், ஒரே வரி: "ஆர்டர் உறுதி செய்யப்படாமல் இருந்ததால் உறுதி செய்தேன்."

ஐந்தாம் நாள் பெட்டி வந்தது. உள்ளே மூன்று குறடு, எண்ணெய்த் தாளில் சுற்றி. அன்று மாலையே பொருத்தினார்கள். நாலாயிரம் ஜோடியும் ஒரு நாள் தாமதத்தில் கப்பலேறின. மாதக் கூட்டத்தில் மேனேஜர் எழுந்து, இத்தாலிக்காரர்களோடு இடைவிடாத தொடர்பில் இருந்து பாகங்களை வரவழைத்த சூப்பர்வைசரின் மொழித்திறனைப் பாராட்டினார். கைதட்டினோம். அக்காவும் தட்டினாள், மற்றவர்களைவிடச் சற்று நிதானமாக. மெமோவைத் திரும்பப் பெறுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. அது கோப்பில் பத்திரமாக இருந்தது, நானே போட்டேன்.

ஏழு மாதம் கழித்து இயந்திரம் முழுவதுமாக நின்றது. இந்த முறை இத்தாலியிலிருந்து டெக்னீஷியனே வந்தார். உயரமான, நரைத்த மீசைக்காரர். அவருக்கும் தன் மொழியைத் தவிர வேறு தெரியாது. அவர் வரும் நாளில் மச்சினருக்கு நல்ல காய்ச்சல். முதல் நாள் வரை வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவர். வேறு வழியில்லாமல் அக்காவைக் கூப்பிட்டார்கள். முதலாளியும் வந்து நின்றார்.

டெக்னீஷியன் இயந்திரத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தார். ஏதோ கேட்டார்.

"தினமும் எண்ணெய் போட்டீங்களான்னு கேக்கிறார்" என்றாள் அக்கா.

எண்ணெய் போடுவது மச்சினர் பொறுப்பு. மேனேஜர் தயங்கவே இல்லை. "போட்டோம். தினமும் போட்டோம்னு சொல்லு."

அக்கா ஒரு நொடி யோசித்தாள். எண்ணெய் டப்பா எங்கே இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரியும். மேனேஜர் சொன்னதைச் சொல்லாமலும் இருக்க முடியாது. தொண்டையைச் செருமிக்கொண்டு, தெளிவாகச் சொன்னாள்: "பாரே கே லப்பியானோ ஓலியாத்தா."

டெக்னீஷியன் அவளைப் பார்த்தார். மீசை மெல்ல அசைந்தது. "பாரே?" என்றார்.

"பாரே" என்றாள் அக்கா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஸ்பானரை எடுத்து மூடியைக் கழற்றினார். விரலை உள்ளே விட்டுத் துடைத்து வெளியே எடுத்துக் காட்டினார். விரலில் எண்ணெய் இல்லை. தோல் தூசி மட்டும் மாவு போல ஒட்டியிருந்தது.

முதலாளி முட்டாள் அல்ல. மொழி கற்கச் சோம்பேறி, அவ்வளவுதான். "அவர் ஏம்மா சிரிக்கிறார்? நீ என்ன சொன்னே?"

"மேனேஜர் சார் சொன்னதைத்தாங்க சொன்னேன். தினமும் எண்ணெய் போட்டதா தெரியுதுன்னு."

"போட்டதா தெரியுது" என்று முதலாளி மெதுவாகத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார். மேனேஜர் இயந்திரத்தின் பெயர்ப் பலகையை முதன்முறையாகப் பார்ப்பவர் போலப் படித்துக்கொண்டிருந்தார்.

டெக்னீஷியன் மூன்று நாள் இருந்தார். அக்கா மூன்று நாளும் அவர் பக்கத்தில் நின்று, அவர் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் தமிழில் எழுதினாள். எந்த நாள் எந்த இடத்தில் எத்தனை சொட்டு எண்ணெய் என்பது முதல். அவர் தவறாகப் பேசிய ஒரு வினையை அவள் திருத்தியதாகவும், அவர் தலையில் கையை வைத்துக்கொண்டதாகவும் ஒரு பேச்சு இருக்கிறது. அக்கா அதை மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

மச்சினரின் காய்ச்சல் டெக்னீஷியன் விமானம் ஏறியதும் இறங்கியது. அதன் பிறகு அவர் ஸ்டோரில் ஆணி, பசை டப்பாக்களைப் பார்த்துக்கொண்டார். வெளிநாட்டுக் கடிதங்கள் எல்லாம் அக்காவின் மேஜைக்குப் போயின. அவளுக்குப் புதிய பதவி ஒன்றும் தரவில்லை. லேபிள் வேலையோடு சேர்த்து இதையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. அவள் அதைப் படித்துவிட்டு, மெமோவை ரத்து செய்தால்தான் அடுத்த கடிதத்தை மொழிபெயர்ப்பேன் என்று எழுதி அனுப்பினாள். ஒன்பது நாள் மூன்று கடிதங்கள் பிரிக்காமல் கிடந்தன. பத்தாம் நாள் மெமோ ரத்தானது. கூடவே என்னுடையதும், அது தன் நிபந்தனையில் இரண்டாவது என்று அக்கா என்னிடம் சொல்லவே இல்லை. அவள் எழுதி அனுப்பியதைக் கோப்பில் போடும்போதுதான் நான் பார்த்தேன்.

சில மாதம் கழித்து மேனேஜர் தானாக அனுப்பும் பிரிவுக்கு வந்தார். பெட்டிகளுக்கு நடுவே நின்று, ஒரு ஷூவை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அவருடைய மகள் மேற்படிப்புக்கு அந்த நாட்டுக்கே போகப்போகிறாளாம். வாரத்தில் இரண்டு நாள் அந்த வினைச்சொற்களை மட்டும் கொஞ்சம் சொல்லித் தர முடியுமா, என்று கேட்டார். "நீங்க மனசு வெச்சா" என்றுகூடச் சேர்த்துக்கொண்டார். 'நீ' எப்போது 'நீங்க' ஆனது என்று நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"பொண்ணை அனுப்புங்க சார். நல்லா சொல்லித் தர்றேன்" என்றாள் அக்கா. "ஆனா அவ மாமாகிட்ட கேட்டுப் படிச்சது ஏதாவது இருந்தா, அதை முதல்ல மறந்துட்டு வரச் சொல்லுங்க."